கறுப்புக் காரில் விழுந்த யன்னல்

எங்கள் இடத்துக்கு யார் வந்தாலும் நாங்கள் முகத்தைப் பார்த்து வாங்கோ என்போம். அக்கா முதலில் பார்ப்பது வந்தவருடைய மூக்கின் நிழலைத்தான். அந்த நிழல் மேலுதட்டில் போய் விழுந்திருந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. "அந்தக் கதிரையைக் கொஞ்சம் இஞ்சால இழுத்துப்போட்டு இருங்கோ" என்பார். கலியாணக் காட் அடிக்க வந்த மனுசன், ஏன் எதற்கு என்று தெரியாமலே கதிரையை இழுத்துப்போட்டு இருப்பார். அக்கா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு தரம் பார்த்துவிட்டு, "இப்ப ஓகே, சொல்லுங்கோ" என்பார். இதனால் எங்களுடைய கதிரைகள் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் நிற்கும்.

கொழும்பில், வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் இருந்தது அந்த இடம். முதலாளி, அக்கா, நான் என்று மூன்றே பேர். கலியாணக் காட், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டு அல்பம், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் செய்தோம். பிறகு முதலாளிக்கு முப்பரிமாண ஆசை பிடித்தது. கொம்பியூட்டருக்குள் நான் மேசை, கட்டில், வீடு என்று சாமான்களைக் கட்டுவேன். அக்கா அவற்றுக்கு வெளிச்சம் போடுவார். சமாதானப் பேச்சு முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடியும் கொழும்புத் தமிழருக்குப் பல் தீட்டுவது மாதிரி அன்றாட வேலையாகிப் போயிருந்தன.

அக்கா நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்காரர். வயது முப்பத்தைந்துக்கு மேலே இருக்கும். கேட்டால், "அது வெளிச்சத்தைப் பொறுத்தது" என்பார். நல்ல பருமன், அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் சிரித்தால் கீழே தையல்கடையில் மெஷின் நிற்கும். கார் என்றால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, ஏறி இரண்டு முடக்குத் திரும்பினால் வயிற்றைப் புரட்டிச் சத்தி வந்துவிடும். ஆகவே தினமும் இரண்டு பஸ் மாறி, யன்னலோர இருக்கைக்குச் சண்டை பிடித்து, தைலம் மணக்க மணக்க வந்து சேர்வார். கார்களை அவ்வளவு அழகாக்கிய ஒருவர் காருக்குள் கால்மணி நேரம் இருக்கமாட்டார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் எதையாவது கட்டி முடித்துப் பெருமையோடு காட்டுவேன். அக்கா மீன் ரோல்ஸைக் கடித்தபடி பார்ப்பார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்க நிக்குது?" என்பார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மேசை என்றால் எந்த அறையில் நிற்கிறது, அந்த அறைக்கு யன்னல் எந்தப் பக்கம், யன்னலுக்கு வெளியே மரமா மதிலா, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். அந்தரத்தில் நிற்கிற சாமானை அவரால் சகிக்க முடியாது. நான் "அது கொம்பியூட்டருக்குள்ள நிக்குது அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "நீயும்தான் பூமியில நிக்கிறாய். அட்ரஸ் இல்லையோ?" என்றார்.

இந்தக் குணத்தால் அவர் கோயிலிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு கிறிஸ்மஸுக்கு, அவருடைய பங்குக் கோயிலில் பாலன் குடிலுக்கு மேலே பளீரென்று ரியூப் லைட் போட்டிருந்தார்களாம். இவர் நேரே சுவாமியாரிடம் போய், "மாட்டுக் கொட்டில்ல ரியூப் லைட் எரியுமோ ஃபாதர்?" என்று கேட்டிருக்கிறார். சுவாமியார் நல்ல மனுசன். பாலனுடைய முகம் சனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "வைக்கோலுக்குள்ள ஒரு சின்ன பல்ப் வைச்சுத் தாறன், முகம் தன்ரபாட்டில தெரியும்" என்று அக்கா சொல்லி, அன்றைக்கே வைத்தும் கொடுத்தார். அந்த வருடம் குடிலுக்கு முன்னால் பிள்ளைகள் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்கள் என்று அக்கா சொல்லும்போது, அவர் குரலில் மேசை தட்டுகிற பெருமை இருக்கும்.

என் கலியாணத்துக்கும் அவர்தான் காரணம் என்று என் மனைவி இன்றைக்கும் குற்றம் சாட்டுகிறாள். பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் ஒன்று வேண்டியிருந்தது. அக்கா என்னை யன்னலுக்குப் பக்கத்தில் இருத்தி, எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்சீற்றைத் தொங்கவிட்டு, நாடியைப் பிடித்துத் திருப்பி, "எதையும் யோசிக்காதை, யோசிக்கிற மாதிரி இரு" என்றார். பெண் வீட்டார் படத்தைப் பார்த்து, பெடியன் ஆழமானவன் போலிருக்கு என்று சொன்னார்களாம். அந்த ஆழத்தை என் மனைவி கலியாணத்துக்குப் பிறகு ஒருநாளும் காணவில்லை.

இவ்வளவு சந்தோசமான மனுசிக்கு ஒரேயொரு பயம் இருந்தது. அவர் தமக்கையின் குடும்பத்தோடு இருந்தார். தமக்கையின் கணவர், அவருக்கு அத்தான், துறைமுகத்துக்குக் கிட்டக் கயிறு, சங்கிலி, பெயின்ற் விற்கிற கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் காசு மேசையில் இருந்த பெடியன் கட்டாருக்குப் போகக் காத்திருந்தான். அவனுக்கு விசா வந்ததும் அந்த மேசையில் அக்கா இருக்க வேண்டும் என்பது வீட்டுத் தீர்மானம். சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தினமும் வெள்ளவத்தைக்கு ஏன் போகவேண்டும் என்று தமக்கைக்குப் பயம். அதைவிட, அக்கா அங்கே என்ன வேலை செய்கிறார் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "வெளிச்சம் போடுறன்" என்று சொன்னால், "அப்ப எலக்ரீசியனோ?" என்று தமக்கை கேட்டாராம். அத்தான் கெட்டவர் இல்லை. "ஒரு நல்ல கொம்பனி ஓடர் எண்டாலும் எடுத்துக் காட்டு பிள்ளை, பிறகு கதைப்பம்" என்று ஒரு வழி விட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெடியனுடைய விசா தாமதமாக வேண்டும் என்று நாங்கள் மூவரும் மனதார வேண்டிக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் அவுஸ்திரேலியக் கொம்பனி ஒன்றிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பழைய கார்களின் கலண்டர் ஒன்று, மாதத்துக்கு ஒரு காராகப் பன்னிரண்டு. எல்லாம் கொம்பியூட்டரிலேயே செய்து, ஸ்ரூடியோவில் வைத்துப் பிடித்த படம் மாதிரி இருக்க வேண்டும். முதலில் ஒன்றைச் செய்து காட்டுங்கள், பிடித்தால் மிச்சம் பதினொன்றும் உங்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய கார் ஐம்பதுகளின் இங்கிலாந்துக் கார். எஞ்சினை மூடும் உருண்ட பொனற், தவளைக் கண் லைட், கறுப்பு நிறம்.

நான் அந்தக் காரைக் கட்டினேன். கம்பியும் வளைவும் கண்ணாடியும் அச்சொட்டாக வந்தன என்று எனக்கு நினைப்பு. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கறுப்புக் காருக்குச் சொந்த நிறம் இல்லைத் தம்பி. சுத்திவர என்ன இருக்கோ அதைத்தான் அது உடுத்துக்கொண்டு நிக்கும். இதுக்கு இப்ப உடுப்பே இல்லை" என்றார். எங்கள் மென்பொருளில் ஆயத்த வெளிச்சம் ஒன்று இருந்தது. ஒரு பொத்தானை அமத்தினால் வெள்ளைக் கூரையும் வெள்ளைச் சுவரும் வந்து காரைச் சுற்றி நிற்கும். உலகம் முழுக்க அதைத்தான் பாவித்தார்கள். அக்கா அதற்கு ஆஸ்பத்திரி வெளிச்சம் என்று பெயர் வைத்திருந்தார்.

அவருக்கு உண்மையான ஓர் இடத்தின் வெளிச்சம் வேண்டும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடி மாதிரி மினுங்கும் ஓர் உருண்டையை அறையில் வைத்துப் படம் பிடித்தால், உருண்டையில் அறை முழுக்க விழும். அந்தப் படத்தைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தால், நான் கட்டிய கார் அந்த அறைக்குள்ளேயே நிற்பது போல மினுங்கும். வெளிநாட்டில் அதற்கென்றே உருக்கு உருண்டை விற்கிறார்களாம். அக்கா வீட்டுக் கிறிஸ்மஸ் மரத்திலிருந்து பெரிய வெள்ளி உருண்டை ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

உருண்டையையும் கமராவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, உண்மையான கறுப்புக் காரில் வெளிச்சம் எப்படி வழிகிறது என்று பார்க்க ஒருநாள் கல்கிசைக்குப் புறப்பட்டோம். கலியாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒரு ஹாஜியார் அங்கே இருந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அக்காவின் பையிலிருந்து உருண்டையை எடுத்த ஆமிக்காரப் பெடியன், "மே மொகக்த?" என்று இது என்னவென்று கேட்டான். "நத்தல் போலயக், மல்லி" என்றார் அக்கா, கிறிஸ்மஸ் உருண்டை தம்பி என்று. கிறிஸ்மஸ் முடிந்து கனகாலம். பக்கத்தில் கமராவும் இருந்தது. அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அக்கா அந்த அதிகாரிக்குச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். கார் என்றால் கண்ணாடி, கண்ணாடி என்றால் சுற்றம், சுற்றம் என்றால் வெளிச்சம் என்று கையை வீசி வீசிச் சொன்னார். பாதியிலேயே அதிகாரியின் முகம் வாடிவிட்டது. போங்கோ, போங்கோ என்று கையைக் காட்டி எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார். "என்னைக் கதைக்க விட்டாக் காணும், ஒருத்தரும் பிடிச்சு வைக்கமாட்டினம்" என்றார் அக்கா.

ஹாஜியாருடைய காரை அக்கா தொடவில்லை. அதற்கு முன்னால் குந்தியிருந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார். ஹாஜியார் இவர் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "ஏறுங்களேன் தங்கச்சி, ஒரு ரவுண்ட் போய்ப் பாப்போம்" என்றார். "ஐயோ வேணாம் ஹாஜியார், சத்தி எடுத்துப்போடுவன்" என்றார் அக்கா. ஹாஜியார் காரைத்தான் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பிறகு எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி, எங்கள் கடல்பக்க யன்னலுக்கு முன்னால் உருண்டையை வைத்துப் படம் பிடித்தார். பின்னேர வெயில், நான்கு பெரிய கண்ணாடி. காரை அந்த வெளிச்சத்தில் வைத்து, "அடுப்பில ஏத்தியாச்சு" என்றார். கொம்பியூட்டர் கணக்குப் பார்த்துப் படத்தை வரைவதை அவர் அப்படித்தான் சொல்வார். வெந்து வந்ததும் பார்ப்பார், உப்புப் போதாது என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்குவார், சக்கர வளைவுக்குள் இருட்டைக் கூட்டுவார், மறுபடி ஏற்றுவார். பல நாள் இப்படிப் போனது. கடைசியில் வந்த படத்தை முதலாளி கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பார்த்தார். பொனற்றில் எங்கள் யன்னல் வளைந்து விழுந்து, அங்கிருந்து வெளிச்சம் கதவு வழியாகப் பின்பக்கம் வரை ஒரு கோடாக வழிந்திருந்தது. தொட்டால் கையில் சூடு தெரியும் போலிருந்தது. அனுப்பிவிட்டோம்.

கட்டார்ப் பெடியனுக்கு விசா வந்த அதே கிழமை, அவுஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்தது. முதலாளி சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னார். படம் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பொனற்றில் நான்கு பெரிய பெருக்கல் குறிகள் இருக்கின்றனவே, அவை உங்கள் நிறுவனத்தின் அடையாளமா? அப்படியானால் அவற்றை எடுத்துவிட்டு இந்தக் கிழமை முடியமுன் அனுப்புங்கள், பிறகு முடிவு சொல்கிறோம்.

"என்ன குறி? எங்க?" என்று மூவரும் படத்தை உற்றுப் பார்த்தோம். குறி ஒன்றும் தெரியவில்லை. "பொனற்றில யன்னல்தானே இருக்கு" என்றேன் நான். "ஓம், யன்னல்தான். யன்னல் எண்டா இப்பிடித்தானே இருக்கும்" என்றார் முதலாளி. பிறகு மூவரும் ஒரே நேரத்தில் திரும்பி எங்கள் யன்னலைப் பார்த்தோம். முன்னொரு காலம் கொழும்புக் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தபோது, கண்ணாடி சிதறாமல் இருக்க, ஒவ்வொரு கண்ணாடியிலும் மூலைக்கு மூலை பழுப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. கொழும்பில் எல்லா யன்னலிலும் இருந்தது. மூக்கின் நிழலைக்கூட விடாத அக்கா அதைக் காணவில்லை. நாங்களும் காணவில்லை.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். கீழே தையல் மெஷின் நின்றது. கண்ணீர் வரச் சிரித்து, பிறகு மெல்ல அடங்கி, "குண்டு எங்கட கண்ணுக்குள்ள வந்து இருந்திட்டுது, என்ன?" என்றார். எனக்குச் சிரிப்போடு வெட்கமும் வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது என்று சொல்வதில் பிழையில்லை.

சரி, பத்து நிமிச வேலை, உருண்டைப் படத்திலேயே நாடாவை அழித்துத் தருகிறேன் என்றேன். அக்கா மறுத்தார். "டேப்புக்குப் பின்னால இருந்த வெளிச்சம் உனக்குத் தெரியுமோ? தெரியாததை எப்பிடிக் கீறி நிரப்புவாய்?" முதலாளி கெஞ்சினார். "இந்த ஒருக்கா அந்த ஆஸ்பத்திரி வெளிச்சத்தைப் போடும் பிள்ளை. ஓடர் வரட்டும். விசாவும் வந்திட்டுது, யோசியும்." அக்கா யோசித்தார். முகம் சிறுத்திருந்தது. அவருக்குக் காசு மேசை எவ்வளவு பயமென்று எங்களுக்குத் தெரியும். "நான் அங்க போய் இருக்கத்தான் வேணும் எண்டா இருக்கிறன். ஆனா இந்தக் கார் எங்கயாவது நிண்டுதான் போகவேணும்" என்றார்.

பிறகு அவர் ஒழுங்கையில் இறங்கி, தலையை அண்ணாந்தபடி நாடா இல்லாத யன்னல் தேடினார். நானும் பின்னால் போனேன். ஒரு வீட்டில் நாடா, இன்னொரு வீட்டில் நாடாவும் இரும்புக் கம்பியும், மூலைக்கடையில் கண்ணாடிக்குப் பதில் பலகை. எதிர்வீட்டு ரீச்சர் அன்ரி பல்கனியில் நின்றார். "அன்ரி, டேப் ஒட்டாத யன்னல் ஏதும் இருக்கோ?" என்று அக்கா கேட்டார். "இருந்தா நான் விட்டு வைச்சிருப்பனே பிள்ளை? எங்க எண்டு சொல்லும், இப்பவே ஒட்டிவிடுறன்" என்றார் அன்ரி.

திரும்பி வந்து அக்கா கதிரையில் ஏறி எங்கள் யன்னலில் கை வைத்தார். முதலாளி பதறிப்போனார். "கழட்டின அண்டைக்குத்தான் குண்டு வெடிக்கும்" என்றார். அக்கா காதில் விழுத்தவில்லை. வெயிலில் காய்ந்த நாடா நகத்துக்கு வரவில்லை. தேங்காயெண்ணெய் பூசி ஊறவைத்து, நான் கோடு கீறும் அடிமட்டத்தால் சுரண்டினேன். நாடா போனது, பெருக்கல் குறி போகவில்லை. நாடா இருந்த இடம் பளிங்காகவும் மற்ற இடமெல்லாம் கடல் உப்புப் படிந்து மங்கலாகவும் இருந்தது. பழுப்புக் குறிக்குப் பதில் இப்போது வெள்ளைக் குறி. அக்காவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. நான் துடைக்கிற சீரைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் முதலாளியே சேட்டுக் கையை மடித்துக்கொண்டு கதிரையில் ஏறினார். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, பழைய பேப்பரால் தேய்த்து, நான்கு கண்ணாடியையும் கழுவி முடித்தோம். அறை பளீரென்று திறந்தது. கொம்பியூட்டர் மேலே கிடந்த தூசி, முதலாளியின் சவரம் செய்யாத நாடி, இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல், எல்லாம் தெரிந்தன. எங்கள் மூவருக்கும் அன்றைக்கு என்ன சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் வேலை செய்யவில்லை.

வெயில் சரிந்ததும் அக்கா உருண்டையை வைத்தார். காரை மறுபடி அடுப்பில் ஏற்றினார். கிழமை முடியமுன் அனுப்பினோம். இம்முறை பதில் சுருக்கமாக வந்தது. இதுதான் வேண்டும், மிச்சம் பதினொரு காருக்கும் இதே வெளிச்சத்தைப் போடுங்கள் என்றார்கள். முதலாளி துள்ளினார். அக்கா துள்ளவில்லை. "ஓடர் சரி அண்ணை. அத்தானுக்கு எப்பிடிக் காட்டுறது?" என்றார்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை தமக்கையோடு வந்தார். வெள்ளைச் சேட், எண்ணெய் வைத்து வாரிய தலை, கயிறு பிடித்துக் காய்த்த பெரிய கை. முதலாளி படத்தைக் கதவளவு அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். அத்தான் ஓடரைப் பற்றி விசாரித்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு படத்தைப் பார்த்து, "காரை ஆர் செய்தது?" என்றார்.

"தம்பி" என்றார் அக்கா, என்னைக் காட்டி.

"அப்ப நீ என்ன செய்தனி?"

ஆமி அதிகாரியைக் கதைத்தே களைக்க வைத்த அக்கா, படத்துப் பக்கம் தலையை மட்டும் அசைத்தார். தமக்கை நிலத்தைப் பார்த்தார். நான் சொல்லலாம் என்று தொடங்கினேன், அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

அத்தான் படத்துக்குக் கிட்டப் போனார். பொனற்றைப் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்து, அந்தக் கறுப்புக்குள் எதையோ தேடுகிற மாதிரிக் கண்ணைச் சுருக்கி, கையை உயர்த்தித் தலைமயிரை அழுத்தி வாரிக்கொண்டார். பிறகுதான் அது கடதாசி என்று அவருக்கு விளங்கியது. உயர்த்திய கை தலையிலேயே நிற்க, யாராவது கண்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கண்டோம்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "சரி பிள்ளை" என்றார். "நான் கடைக்கு வேற ஆளைப் பாக்கிறன்."